இந்தப் பாட்டிலிருந்து அந்தப் பாட்டுக்கு

"டிஜே என்னப்பா செய்றான்? லேப்டாப்ல பாட்டைப் போடுறான், கையைத் தூக்கி ஆட்டுறான், காசை வாங்கிட்டுப் போறான்." எங்கள் ஹாஸ்டலில் பாதிப் பேருடைய கருத்து இதுதான். என் அப்பாவின் கருத்தும் ஏறக்குறைய இதே, கொஞ்சம் காரம் கூடுதல். இவர்களோடு சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. ஒரு டிஜே பாட்டைப் போடும்போது என்ன செய்கிறார் என்று பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. ஒரு பாட்டு முடிகிற இடத்தையும் அடுத்த பாட்டு தொடங்குகிற இடத்தையும் கவனிக்க வேண்டும். நல்ல டிஜேயாக இருந்தால் அந்த இடமே தெரியாது. தெரியாத ஒன்றைக் கவனிக்கச் சொன்னால் எவன் கவனிப்பான்? அதனால்தான் இந்தத் தொழிலுக்கு இந்த மரியாதை.

திருச்சி ஆகாசவாணி 1939இல் தொடங்கிய காலம் முதல் நம்ம ஊர்க் காதுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு பாட்டு முடியும், அறிவிப்பாளர் பேசுவார், அடுத்த பாட்டு வரும். இரண்டு பாட்டுக்கும் நடுவில் ஒரு மனிதக் குரல். வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்கு அது போதும். ஆடிக்கொண்டிருப்பவருக்குப் போதாது. பாட்டு நின்றால் கால் நிற்கும், கால் நின்றால் தாகம் எடுக்கும், அப்புறம் ஜூஸ் கவுன்டரில் போய் நின்றுகொள்வார்கள். திரும்ப வரமாட்டார்கள். ஆக, டிஜேயின் வேலை பாட்டை மாற்றுவது. ஆனால் காலுக்குச் சொல்லாமல் மாற்றுவது.

இதை முதலில் ஒழுங்காகச் செய்து காட்டியவர்களில் ஒருவர் என்று ஃபிரான்சிஸ் கிராஸோவைச் சொல்வார்கள். 1960களின் கடைசியில், 70களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் 'சாங்க்சுவரி' என்ற கிளப்பில் இசைத்தட்டு போட்டவர். ஓடுகிற தட்டின் தாளத்தோடு அடுத்த தட்டின் தாளத்தை ஒட்டவைத்து, இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு, பழையதை மெல்ல எடுத்துவிடுவார். பிற்பாடு டெக்னிக்ஸ் கம்பெனியின் எஸ்எல்-1200 மாடல் வந்தது (1972). 1979இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில் வேகத்தை 8 சதவீதம் ஏற்ற இறக்க ஒரு ஸ்லைடர் வைத்தார்கள். நிமிடத்துக்கு 128 அடி உள்ள பாட்டை 118 வரை இறக்கலாம், 138 வரை ஏற்றலாம். இன்றைக்கு நாம் கையில் வைத்திருக்கும் சீன பிளாஸ்டிக் கன்ட்ரோலரிலும் அந்த ஸ்லைடர் அப்படியே இருக்கிறது.

சரி, வித்தைக்கு வருவோம். ஹவுஸ், டெக்னோ வகைப் பாட்டுகளில் 'டும் டும் டும் டும்' என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிக் விழும். இரண்டு பாட்டை ஒன்றாக ஓட்ட வேண்டுமென்றால் இரண்டின் கிக்கும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். ஒன்று 128, இன்னொன்று 128.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் அரைதான், யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றும். ஆனால் ஒரு நிமிடம் கழித்து இரண்டாவது பாட்டு சரியாக அரை அடி முன்னால் போய்விடும். ஒன்றின் கிக் மற்றதன் இரண்டு கிக்குக்கு நட்டநடுவில் விழும். அதற்கு முன்பே, பத்துப் பதினைந்து வினாடியிலேயே, கூட்ஸ் வண்டி தண்டவாள இணைப்பைத் தாண்டுகிற மாதிரி 'தடக்... தடக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பிக்கும். பொன்மலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை :-)

இப்போதெல்லாம் 'சிங்க்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்கினால் கம்ப்யூட்டரே வேகத்தைச் சரிசெய்துவிடும். அதை அமுக்குவது கேவலம் என்று ஒரு கூட்டம் சொல்லும். எனக்கு அந்த ஆச்சாரமெல்லாம் கிடையாது. கால்குலேட்டர் இருக்கும்போது வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டுமா என்ன? ஆனால் அந்தப் பட்டன் எங்கே கைவிடும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

வேகம் சரியாகிவிட்டால் பாதி வேலை கூட முடியவில்லை. அடுத்தது எண்ணிக்கை. இந்த வகை இசை பெரும்பாலும் நாலு நாலு அடியாக, எட்டு நாலு சேர்ந்து 32 அடியாகக் கட்டப்பட்டது. 128 வேகத்தில் 32 அடி என்றால் சரியாக 15 வினாடி. 64 அடி அரை நிமிடம். ஏதாவது புதிதாக நுழைவதும், இருந்தது போவதும், எல்லாம் இந்த 32இன் வாசலில்தான் நடக்கும். அடுத்த பாட்டை 32இன் முதல் அடியில் தொடங்கினால் இரண்டு பாட்டும் ஒரே இடத்தில் மூச்சு விடும். நடுவில் பன்னிரண்டாவது அடியில் தொடங்கினால் தாளம் தப்பாது, வேகம் தப்பாது, ஆனாலும் ஏதோ தப்பு என்று எல்லாருக்கும் தோன்றும். ஒரு வாக்கியத்தின் நடுவில் இன்னொருவர் பேச ஆரம்பிப்பது போல. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தொடையில் விரலால் 32 எண்ணிக்கொண்டே போவேன். பக்கத்து சீட்டுக்காரர் நாம ஜெபம் என்று நினைத்திருப்பார்.

பிறகு பேஸ். இரண்டு பாட்டின் அடித்தளச் சத்தமும் ஒரே நேரத்தில் ஒலித்தால் ஸ்பீக்கர் உறுமும், ஆனால் ஒன்றுமே கேட்காது. ஒரே வீட்டில் இரண்டு மாமியார். அதனால் புதுப் பாட்டை உள்ளே விடும்போது மிக்ஸரில் அதன் 'லோ' குமிழை முழுக்கத் திருகிவிட்டு, மேல் சத்தத்தை மட்டும் கசியவிட வேண்டும். 32இன் வாசல் வந்ததும் ஒரே அசைவில் பழையதன் பேஸை எடுத்துப் புதியதன் பேஸைக் கொடுக்க வேண்டும். வெளியே நிற்பவருக்குக் குமிழ் இரண்டு திரும்பியது மட்டும்தான் தெரியும். ஆடுகிறவருக்கு நெஞ்சில் ஏதோ மாறியது தெரியும், என்னவென்று தெரியாது.

சுருதி விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். வெளிநாட்டு டிஜேக்கள் 'கேமலாட் சக்கரம்' என்று கடிகாரம் போல ஒரு படத்தை வைத்துக்கொண்டு, எந்தப் பாட்டோடு எந்தப் பாட்டு சேரும் என்று பார்ப்பார்கள். பக்கத்துப் பக்கத்து எண்கள் சேரும், தூரத்து எண்கள் கடிக்கும். ஏன் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. நாலு வருஷம் பாட்டு கிளாஸ் போன ஸ்ரீரங்கத்துப் பையனுக்குத் தெரியும். சங்கராபரணத்தில் மத்யமம் ஒன்றை மட்டும் மாற்றினால் கல்யாணி. அந்தச் சக்கரத்தில் பக்கத்து எண்ணுக்குப் போவதும் அதேதான்: ஏழு ஸ்வரத்தில் ஆறு அப்படியே இருக்கும், ஒன்று மாறும். ஒரே எண்ணில் 'ஏ'யிலிருந்து 'பி'க்குப் போவது கிரக பேதம். சங்கராபரணத்தின் தைவதத்தை ஷட்ஜமாக வைத்தால் நடபைரவி. ஸ்வரங்கள் எல்லாம் அதே, வீடு மட்டும் வேறு. இதை விளக்கி என் ரூம்மேட்டிடம் சொன்னேன். அவனுக்கு இரண்டுமே புரியவில்லை. இன்னொன்று: வேகத்தை ஏறக்குறைய 6 சதவீதம் கூட்டினால் சுருதி ஒரு ஸ்வரஸ்தானம், அதாவது ஹார்மோனியத்தில் ஒரு கட்டை, மேலே ஏறிவிடும். அதைத் தடுக்க 'கீ லாக்' பட்டன் இருக்கிறது. ரொம்ப இழுத்தால் குரல் தகரம் மாதிரி ஆகும்.

ராகத்தையும் டிஸ்கோ தாளத்தையும் சேர்ப்பது புதிதும் அல்ல. பம்பாயில் சினிமா இசைக் கலைஞராக இருந்த சரண்ஜித் சிங் 1982இலேயே பைரவ், லலித், யமன் என்று பத்து ஹிந்துஸ்தானி ராகங்களை ரோலண்ட் டிஆர்-808, டிபி-303 இயந்திரங்களில் வாசித்து ஒரு ரெக்கார்டு போட்டார். அப்போது யாரும் சீண்டவில்லை. 2010இல் அதை மறுபடி வெளியிட்டபோதுதான், சிகாகோவில் 'ஆசிட் ஹவுஸ்' பிறப்பதற்கு முன்பே அதே சத்தம் இங்கே வந்திருக்கிறதே என்று உலகம் மூக்கில் விரல் வைத்தது.

இதுவரை சொன்னதெல்லாம் எந்த ஊரிலும் கற்றுக்கொள்ளலாம். யூடியூபில் ஆயிரம் பேர் சொல்லித் தருகிறார்கள். அவர்கள் யாருமே சொல்லித் தராத ஒன்று இருக்கிறது: நம்ம ஊரில் எந்த டிஜேயும் இரவு முழுக்க ஹவுஸ் மட்டும் போட்டுவிட்டு உயிரோடு வீடு திரும்ப முடியாது. அரை மணி நேரத்தில் யாராவது மேடைக்கு வந்து, "தம்பி, குத்து போடுங்க" என்பார். அங்கேதான் சங்கடம்.

முதல் சங்கடம், சினிமாப் பாட்டின் அமைப்பு. கிளப்புக்கென்று செய்த பாட்டின் முன்னும் பின்னும் வெறும் தாளம் அரை நிமிடம், ஒரு நிமிடம் ஓடும். ஒட்டவைப்பதற்கென்றே விட்ட துணி அது, தையல்காரர் உள்ளே மடித்து விடுவது போல. சினிமாப் பாட்டில் அது கிடையாது. வயலின் கூட்டம் ஒன்று எழும்பும், புல்லாங்குழல் வரும், பல்லவி தொடங்கிவிடும். அதனால் பாட்டின் நடுவில் எங்காவது தாளம் மட்டும் தனியாக வருகிற நாலு அடியைப் பிடித்து லூப் போட்டு, நாமே துணி தைத்துக்கொள்ள வேண்டும். பழைய பாட்டுகளில் இன்னொரு தொல்லை. வாத்தியக்காரர்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தவை அவை. சரணத்தில் கொஞ்சம் சூடு ஏறும், வேகமும் கூடவே ஏறும். கம்ப்யூட்டர் சீராகப் போட்ட கோட்டில் அது நிற்காது. சிங்க் பட்டன் கைவிடும் என்றேனே, இங்கேதான். காதும் கட்டைவிரலும் மட்டும்தான் துணை.

இரண்டாவது சங்கடம் இன்னும் பெரியது. நம்ம குத்து பெரும்பாலும் திஸ்ரம். ஒவ்வொரு அடிக்குள்ளும் 'தகிட தகிட' என்று மூன்று. ஹவுஸ் சதுஸ்ரம், 'தகதிமி தகதிமி' என்று நாலு. வேகத்தைச் சரியாகச் சேர்த்தாலும் உள்ளே மூன்றும் நாலும் அடித்துக்கொள்ளும். பெரும்பாலான டிஜேக்கள் என்ன செய்வார்கள்? பாட்டை வெட்டிவிட்டு, மைக்கில் "திருச்சீஈஈ!" என்று கத்திவிட்டு, குத்தைப் போட்டுவிடுவார்கள். அதுவும் ஒரு வழிதான், தப்பில்லை. ஆனால் அந்த ஒரு வெட்டில் கூட்டம் இரண்டாகப் பிரிவதைப் பார்த்திருக்கிறேன். அதுவரை ஆடிய கல்லூரிக் கூட்டம் இறங்கிப் போகும், சித்தப்பாக்கள் ஏறுவார்கள். ஒரே கல்யாணத்தில் இரண்டு கட்சி.

போன வருடம் சித்தி மகளுக்கு ஸ்ரீரங்கத்தில் கல்யாணம். முதல் நாள் ரிசப்ஷனுக்கு நான்தான் டிஜே, கூலி இல்லை. பாட்டிக்கு இதில் துளியும் சம்மதமில்லை. நாதஸ்வரம் இருக்கும்போது இந்த டப்பா எதற்கு என்பது அவர் கட்சி. சித்தி நடுவில் மாட்டிக்கொண்டு ஒரு தீர்ப்பு சொன்னார்: "ஆட ஆள் இருக்கற வரைக்கும் ஓடட்டும். ஃப்ளோர் காலியாச்சுன்னா நானே வந்து ஒயரைப் பிடுங்கிடுவேன்." அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும்.

சாயங்காலம் நாலு மணிக்கு மண்டபத்தில் ஸ்பீக்கரைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஹவுஸிலிருந்து குத்துக்குப் போகிற அந்த ஒரு இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மேள செட் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. தவில்காரர் பெரியவர், விரல்களுக்குக் கூடு மாட்டுகிற வேலையில் இருந்தார். ஐந்தாறு தடவை கேட்டிருப்பார். எழுந்து பக்கத்தில் வந்தார்.

"தம்பி, அந்த 'சிக்கு சிக்கு'ன்னு மேல ஒண்ணு ஓடுதே, அது என்னது?"

"ஹை-ஹேட் ஐயா. ஜால்ரா மாதிரி."

"அத முதல்ல எடுத்துடுங்க. அதுதான் நாலு நாலுன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. கீழ விழற அடிக்கு நாலும் தெரியாது மூணும் தெரியாது. அது பாட்டுக்கு விழுது. அத மட்டும் கொஞ்ச நேரம் தனியா விடுங்க. கேக்கறவன் நாலை மறந்துடுவான். அப்புறம் மூணைக் கொண்டாங்க."

அவ்வளவுதான் சொன்னார். போய் மறுபடி விரல் கூட்டை மாட்டிக்கொண்டார்.

இதைவிடத் தெளிவாக எந்த வீடியோவும் எனக்குச் சொல்லவில்லை. கிக் என்பது நடுநிலை. அது அடியை மட்டும் காட்டும், அடிக்குள் என்ன இருக்கிறது என்று காட்டாது. நாலு என்று காதுக்குச் சொல்வது ஹை-ஹேட், கைத்தட்டல், பேஸ் கிடாரின் ஓட்டம் இவையெல்லாம்தான். எனவே மிக்ஸரில் மேல் சத்தம், நடுச் சத்தம் இரண்டையும் மெல்ல இறக்கி, வெறும் கிக் மட்டும் 32 அடி. பிறகு குத்துப் பாட்டின் உறுமியை மட்டும், பேஸ் இல்லாமல், மெல்ல மேலே ஏற்றுவது. அதே கிக்கின் மேல் திஸ்ரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த 32இன் வாசலில் பேஸை மாற்றிக்கொடுத்தால் பழைய பாட்டு போய்விட்டது.

யோசித்துப் பார்த்தால் மேளக்காரர்களுக்கு இது தினப்படி வேலை. தஞ்சாவூர் ஜில்லா சிவன் கோயில்களில் சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிப்பார்கள், பெரும்பாலும் கம்பீர நாட்டையில். ஒரே அமைப்பை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகம் மாற்றி, திஸ்ரத்திலும் வாசித்துக் காட்டுவார்கள். தாளம் போடுகிறவர் மட்டும் மாறவே மாட்டார். செட்டின் ஓரத்தில் கைத்தாளத்தோடு நிற்கும் அந்தப் பையன்தான் கிக். அவன் மாறாததால்தான் மற்றவர்கள் நாலிலிருந்து மூன்றுக்கும் மூன்றிலிருந்து நாலுக்கும் போய்வர முடிகிறது. பல்லக்குத் தூக்குகிறவர்கள் கால் தப்பவே தப்பாது.

இந்தக் கணக்கை இன்னும் ஒரு படி இழுக்கலாம். 128 அடி, அடிக்கு மூன்று என்றால் நிமிடத்துக்கு 384 சின்ன அடி. அதே 384ஐ நாலு நாலாகக் கட்டினால் 96. அதாவது 128இல் ஓடும் ஹவுஸிலிருந்து 128இல் ஓடும் குத்துக்குப் போய், அந்தக் குத்தின் சின்ன அடிகளை நாலு நாலாக எண்ணிக்கொண்டு 96இல் ஓடும் ஒரு ஹிப்ஹாப் பாட்டில் இறங்கிவிடலாம். 128க்கும் 96க்கும் நடுவில் ஸ்லைடரை இழுத்து எந்தக் காலத்திலும் போய்ச் சேர முடியாது. குத்து நடுவில் பாலமாக நின்றால் போகலாம். கொள்ளிடத்தைத் தாண்ட நடுவில் ஸ்ரீரங்கம் இருப்பது போல. கணக்குப் பாடத்தில் மீ.சி.ம. எதற்கு என்று ஆறாம் வகுப்பில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு மார்க் வாங்கியிருப்பேன்.

அன்றைக்கு ராத்திரி எட்டே முக்காலுக்கு ஃப்ளோரில் அக்காவின் காலேஜ் தோழிகள் மட்டும் ஒரு இருபது பேர். சுற்றி நாற்காலிகளில் உறவுக்காரர்கள். சித்தி ஒயர் பக்கத்திலேயே நின்றார். மேல் சத்தத்தை இறக்கினேன். வெறும் கிக். பதினைந்து வினாடி என்பது எவ்வளவு நீளம் என்று மேடையில் நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். உறுமி நுழைந்தது. தோழிகளில் யாரும் இறங்கவில்லை. அவர்களுடைய கால் ஏற்கெனவே அந்த அடியில்தான் இருந்தது, தோள் மட்டும் மாறியது. முதலில் இரண்டு சித்தப்பாக்கள், பிறகு மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம். சித்தி ஒயரை விட்டுவிட்டு முறுக்குத் தட்டு எங்கே என்று தேடிக்கொண்டு போய்விட்டார். தவில்காரர் அப்போது பந்தியில் உட்கார்ந்திருந்தார். கேட்டாரா, கேட்கவில்லையா தெரியாது. பாட்டி, "சத்தத்தைக் குறைடா" என்று ஆள் அனுப்பினார். அது எதிர்பார்த்ததுதான்.

கடைசியாக ஒரு மாற்றம் பாக்கி. பாட்டிலிருந்து அமைதிக்கு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. நாலு பக்கமும் மூடிய அரங்குக்குள் விலக்கு உண்டு. பாதிச் சுவரும் மீதி ஜன்னலுமாக இருக்கிற நம்ம மண்டபங்களில் அந்த விலக்கைப் பேசிக்கொண்டிருக்க முடியாது; பத்தடித்தால் மேனேஜர் மெயின் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். அவர் கையால் நின்றால் அது வெட்டு. அதனால் 9:40க்கு 128ஐ விட்டு இறங்க ஆரம்பிக்க வேண்டும். மேலே சொன்ன பாலத்தில் ஏறி 96க்கு வந்து, அங்கிருந்து தாளம் மெல்லிசான ஏதாவது ஒரு இளையராஜா பாட்டுக்குப் போய், ஒவ்வொரு பாட்டுக்கும் பேஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டே வர வேண்டும். யாரும் போகச் சொல்லாமலேயே சின்னப் பசங்கள் செருப்பைத் தேட ஆரம்பிப்பார்கள். 9:55க்கு ஃபேடர் அடிக்கு வந்தபோது சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் மேலே கேட்டது. அது எந்த வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். திஸ்ரம்.